ஒரு சோறு பதமாகுமா?

ஏரலுக்கு அருகிலுள்ள கொற்கை பாண்டியரின் முத்துத்துறை. பிற்காலத்தில் அச்சிறப்பு தூத்துக்குடிக்கு வாய்த்தது. அக்கடலில் அரசு நடத்திய சிலாபங்கள் 1961-ஆம் ஆண்டோடு நின்றன. சிலாபம் அறிவிக்கும் முன்னர்க் கடலடிப் பார்களிலிருந்து ஆயிரக்கணக்கில் சிப்பிகளை எடுத்துத் திறந்து பார்ப்பர். ஆயிரம் சிப்பிக்குக் கிடைக்கும் முத்தின் மதிப்பைக் கணக்கிட்ட பின்னரே, குளிப்பதா, பொறுத்திருப்பதா என முடிவு செய்வர். பெரும்பாலான சிப்பிகளில் மதிப்புள்ள முத்து இராது என்பதால், நான்கைந்து சிப்பிகளை நம்பி எவரும் தோணி செலுத்தவில்லை.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர். ஒரே உலையில் வெந்த சோற்றுக்கு அது பொருந்தும். ஆளுக்கு ஆள் வேறுபடும் மனித உடலுக்குப் பொருந்தாது. ஆய்வகச் சோதனையையும் விலங்காய்வையும் கடந்த புதிய மருந்தை முதன்முதலில் சில பத்துப் பேருக்கே, மிகக் குறைந்த அளவில் தொடங்கிக் கொடுக்கின்றனர். பலரை இடருக்கு உள்ளாக்குவது அறமன்று. ஆயினும் சிலரிடம் கண்டதை எவ்வளவு நம்பலாம்? இங்குதான் புள்ளியியல் துணைக்கு வருகிறது.

பத்துப் பேர் மருந்துண்டனர். எவருக்கும் தீங்கில்லை எனக் கொள்வோம். உண்மையில் அது பத்தில் ஒருவருக்குத் தீங்கிழைக்கும் மருந்தாயின், ஒருவர் தப்பும் நிகழ்தகவு 0.9. பத்துப் பேரும் தப்பும் நிகழ்தகவு 0.9-இன் பத்தாம் அடுக்கு. அஃதாவது ஏறத்தாழ 0.35. மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான வாய்ப்பில் அத்தீய மருந்து நல்லதுபோல் தோன்றிவிடும். முப்பது பேரிடம் ஆய்ந்தால் அவ்வாய்ப்பு 0.04 ஆகச் சுருங்கும். ஆயிரத்தில் ஒருவருக்கு நேரும் தீங்கோ முப்பது பேரிடம் பெரும்பாலும் வெளிப்படாது. மருந்து விற்பனைக்கு வந்த பின்னும் கண்காணிப்புத் தொடர்வது இதனாலேயே.

எண்ணிக்கையைப் போலவே, யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதும் முடிவை மாற்றும். திடமானவர்களை ஒரு பிரிவில் திரட்டினால் எம்மருந்தும் வென்றுவிடும். எனவே அத்தெரிவை ஆய்வாளரின் விருப்பத்திற்கு விடாமல், சீட்டுக் குலுக்குவதுபோல் வாய்ப்பிடம் விடுகின்றனர். 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு இவ்வகையில் புகழ்பெற்றது. மருந்துகள் முன்னரே அறியப்பட்டவை. ஐசோனியாசிடும் பாரா-அமினோ சாலிசிலிக் அமிலமும் இரு பிரிவினருக்கும் பொது. ஒரு பிரிவினர் சானடோரியத்தில் தங்கினர். மற்றவர், உணவும் ஓய்வும் குறைந்த தம் எளிய வீடுகளிலேயே இருந்தனர். ஓராண்டு முடிவில் சானடோரியத்தில் 92 விழுக்காட்டினருக்கும் வீட்டில் 86 விழுக்காட்டினருக்கும் நோய் அடங்கியிருந்தது. இரு பிரிவிலும் சேர்த்து இருநூறு பேர்கூட இல்லை. அச்சிறு எண்ணிக்கையில் இவ்வேறுபாடு தற்செயலாகவும் நேரக்கூடியதே. 1959-இல் முடிவுகள் வெளியானபின், சானடோரியத்தில் இடம் கிடைக்கக் காத்திராமல் வீட்டிலிருந்தே மருந்துண்ணும் முறை பல நாடுகளுக்கும் பரவியது.