பேயைக் கொஞ்சம் காக்க வை

அன்புள்ள தம்பிக்கு,

நீ செய்து அனுப்பிய திகில் வீடியோ கேமின் டெமோவை ஆடிப் பார்த்தேன். இரவில் பூட்டிக் கிடக்கும் பள்ளிக்கூடம், டார்ச்சோடு சுற்றும் வாட்ச்மேன், நீளமான வராந்தா. வெளிச்சமும் நிழலும் நன்றாக வந்திருக்கின்றன. மாடிப்படிக்கு அடியில் உடைந்த பெஞ்சுகளைக் குவித்து வைத்திருக்கிறாயே, அங்கே டார்ச் அடிக்கவே எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கடைசி வகுப்பறைக் கதவைத் திறந்ததும் அந்த உருவம் வீறிட்டுக்கொண்டு முகத்துக்கு நேரே பாய்ந்ததே, அதற்கப்புறம் உன் விளையாட்டில் எனக்குப் பயமே வரவில்லை. தூக்கிவாரிப் போட்டது உண்மை. பக்கத்தில் குக்கர் விசிலடித்தாலும் தூக்கிவாரித்தான் போடும்.

இப்படித் திடீரெனப் பாய்ந்து மிரட்டும் ஜம்ப் ஸ்கேரே கூடாது என்கிற கட்சியில் நான் இல்லை. 1996-ல் வந்த ரெசிடென்ட் ஈவிலில் நாய்கள் ஜன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு பாயும் இடத்தை ஆடியவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதைப் பார்த்தவர் அந்த மாளிகையில் வேறு எந்த ஜன்னலையும் சும்மா கடந்துபோக மாட்டார். ஒரு தடவை செலவழித்த அதிர்ச்சி ஆட்டம் முழுக்க வட்டி கொடுத்தது. உன் பேய் என்ன செய்கிறது? வருகிறது, கத்துகிறது, கேம் ஓவர். பழைய சேவிலிருந்து திரும்ப நடந்தால் அதே கதவு, அதே கத்தல். பழகப் பழகப் பாலும் புளிக்கும், பேய் எம்மாத்திரம்! அடுத்த தடவை நான் காதை மட்டும் பொத்திக்கொண்டேன்.

ஆடுகிறவரைச் சாகடிப்பது இரண்டு வரி புரோகிராம். செத்துவிடுவோமோ என்ற நிலையில் அவரை எவ்வளவு நேரம் நிறுத்தி வைக்கிறாய் என்பதில்தான் உன் தொழில் இருக்கிறது. செத்துப்போனதும் அவருக்கு நிம்மதி வந்துவிடுகிறது. நாற்காலியில் சாய்ந்துகொள்கிறார், தண்ணீர் குடிக்கிறார், போனைப் பார்க்கிறார்.

2010-ல் ஸ்வீடனின் ஃப்ரிக்‌ஷனல் கேம்ஸ் வெளியிட்ட 'அம்னீஷியா: தி டார்க் டிசென்ட்' ஆடியிருப்பாய். இல்லையென்றால் இந்த வாரமே ஆடு. அதில் தண்ணீர் தேங்கிய நிலவறை ஒன்று வரும். தண்ணீருக்குள் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. அது கால் வைக்கும் இடத்தில் நீர் தெறிப்பது மட்டும் தெரியும். நீ ஒரு பெட்டி மேல் நிற்கிறாய். அடுத்த பெட்டிக்குத் தாவ வேண்டும். தாவலாமா, கையில் அகப்பட்டதைத் தூர எறிந்து அதை அந்தப் பக்கம் ஓடவிடலாமா? யோசிக்கும்போதே தெறிப்பு நெருங்குகிறது. அந்தக் காட்சியில் வடிவமைத்துக் காட்ட உருவமே கிடையாது என்பதைக் கவனி. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, அரள வைக்கும் வேலையை மட்டும் அவர்கள் செய்தார்கள். மிச்சத்தை ஆடுகிறவர் பார்த்துக்கொள்கிறார்.

அதே ஆட்டத்தின் கதவுகளையும் பார். உன் டெமோவில் ஒரு பட்டனைத் தட்டினால் கதவு தானாகத் திறக்கிறது. அங்கே மவுஸ் பட்டனை அழுத்திப் பிடித்து, கையையே முன்னும் பின்னும் நகர்த்தித் திறக்க வேண்டும். ஒரு விரற்கடை திறந்து எட்டிப் பார்க்கலாம். துரத்தும்போது பதற்றத்தில் இழுக்க வேண்டிய கதவைத் தள்ளிக்கொண்டிருப்போம். அந்த இரண்டு நொடித் தடுமாற்றத்தை எந்த ஸ்கிரிப்டாலும் எழுத முடியாது. கடைசி வகுப்பறையை இப்படித் திறக்கவிட்டால் உள்ளே பேயே தேவைப்படாமல் போகலாம்.

இனி உன் பேயின் மூளைக்கு வருகிறேன். அது எப்போதும் நான் இருக்கும் இடத்தைத் தெரிந்துகொண்டு நேராக வருகிறது. இரண்டு நிமிடத்தில் எனக்கு அது புரிந்துவிட்டது. ஒளிந்து பயனில்லை என்று ஓட ஆரம்பித்தேன். 2014-ல் இங்கிலாந்தின் கிரியேட்டிவ் அசெம்பிளி 'ஏலியன்: ஐசோலேஷன்' செய்தபோது இதற்கு அருமையான வழி கண்டது. அங்கே மூளை இரண்டு. மேலே இருப்பது டைரக்டர். ஆடுகிறவர் எங்கே, ஏலியன் எங்கே என்று அதற்கு எப்போதும் தெரியும். ஆனால் இன்ன பெட்டிக்குள் ஒளிந்திருக்கிறார் என்று அது சொல்லிக்கொடுக்காது. 'அந்தப் பக்கம் போய்ப் பார்' என்பதோடு சரி. கீழே இருப்பது ஏலியனின் சொந்த மூளை. அது தன் கண்ணாலும் காதாலும் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதனால் அது தற்செயலாக உன் பக்கம் வந்ததுபோலவே இருக்கும். ஆனால் உன்னைவிட்டுத் தொலைவிலும் போகாது. ரொம்ப நேரம் நெருக்கடி கொடுத்துவிட்டால் டைரக்டரே அதைப் பின்வாங்கச் சொல்லி, கூரைக் குழாய்களுக்குள் அனுப்பிவிடும். மூச்சு விட இடம் கொடுத்தால்தானே மறுபடி மூச்சை நிறுத்த முடியும்?

கையில் இருக்கும் மோஷன் டிராக்கரும் அதே ஆட்டத்தின் கெட்டிக்காரத்தனம். புள்ளி நகர்வதைக் காட்டும். ஏலியன் தரையில் வருகிறதா, தலைக்கு மேலே குழாயில் ஊர்கிறதா என்று சொல்லாது. டிராக்கரை உற்றுப் பார்த்தால் எதிரே இருக்கும் வழி மங்கிவிடும். தகவல் வேண்டுமென்றால் கண்ணைக் கொடு என்கிறது. சேவ் செய்யவும் விலை உண்டு. அட்டையைச் செருகிவிட்டு விளக்குகள் ஒவ்வொன்றாக எரியும்வரை நிற்க வேண்டும். அதற்குள் முதுகுப்பக்கம் எது வேண்டுமானாலும் வரலாம். இவ்வளவும் செய்தவர்கள் ஆட்டத்தை அளவுக்கு மீறி இழுத்துவிட்டார்கள் என்பது என் வருத்தம். பின்பாதியில் ஏலியன் தொல்லை பிடித்த மேனேஜர் மாதிரி ஆகிவிடுகிறது.

ஆயுதம் கொடுத்தால் பயம் போய்விடும் என்று எழுதியிருந்தாய். ரெசிடென்ட் ஈவிலை 2002-ல் புதுப்பித்தபோது என்ன செய்தார்கள் தெரியுமா? சுட்டு வீழ்த்திய ஜாம்பியைத் தலை சிதறாமலும், உடலை எரிக்காமலும் விட்டால், பிறகு அது முன்னைவிட மூர்க்கமாக எழுந்து வரும். எரிக்க மண்ணெண்ணெய் வேண்டும், அதுவும் கொஞ்சம்தான். எந்தப் பிணத்தை எரிப்பது, எதை அப்படியே விட்டுப் போவது என்று கணக்குப் போட்டுக்கொண்டே திரிய வேண்டும். துப்பாக்கி இருந்தும் வயிற்றைக் கலக்குகிறது என்றால் காரணம் அந்தக் கணக்குதான்.

ஒலியைப் பற்றி இன்னும் ஒன்று. உன் டெமோவில் வயலின் ஏறும்போதெல்லாம் பேய் வருகிறது, இறங்கினால் போய்விடுகிறது. நீயே மணியடித்து அறிவிப்பதுபோல் இருக்கிறது. 1999-ல் வந்த சைலன்ட் ஹில்லில் ஒரு பாக்கெட் ரேடியோ உண்டு. ஏதாவது நெருங்கினால் அது இரையும். எதுவோ இருக்கிறது என்று தெரியும், எந்தப் பக்கம் என்று தெரியாது, சுற்றிலும் பனிமூட்டம். அந்தப் பனிமூட்டமே பழைய பிளேஸ்டேஷனால் தூரத்துக் காட்சிகளை வரைய முடியாததை மறைக்கக் கைகொடுத்த ஏற்பாடு. 2012-ல் அந்தத் தொடரின் இரண்டாம், மூன்றாம் பாகங்களை ஹெச்டியில் கொண்டுவந்தபோது, இரண்டாம் பாகத்தில் மூட்டம் கலைந்து, மறைந்திருக்க வேண்டியதெல்லாம் வெட்டவெளிச்சமாகிவிட்டது. ரசிகர்கள் சும்மா விடவில்லை. உன் லேப்டாப் எதை வரையத் திணறுகிறதோ அதை இருட்டில் போடு. வயலினைத் தூக்கிவிட்டு, பள்ளிக்கூடத்துக்கே உரிய ஒலிகளை வை: தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிவது, கொடிக்கம்பத்தில் கயிறு தட்டுவது. அவை நின்றுபோகும் கணம் ஒன்று வேண்டும். எப்போது நின்றது என்பதை ஆடுகிறவர் தாமதமாக உணர வேண்டும்.

இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்தால் ஸ்டீமில் ரீஃபண்ட் கேட்டுவிடுவார்களே என்ற உன் கவலை நியாயமானது. ஆடிய நேரம் இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால், வாங்கிய பதினான்கு நாளுக்குள் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம் என்பது அவர்கள் விதி. அதற்காக வராந்தாக்களை நீட்டாதே. விலையைக் குறை. 2014-ல் வந்த 'பி.டி.' என்ற ஆட்டம் ஒரே ஒரு வளைந்த வராந்தாவைத் திரும்பத் திரும்ப நடக்க வைத்துத்தான் உலகத்தையே மிரட்டியது. ஒவ்வொரு சுற்றிலும் சின்னதாக ஏதாவது மாறியிருக்கும். உன்னிடம் ஏற்கனவே ஒரு வராந்தா இருக்கிறது.

அடுத்த பில்டை எனக்கு அனுப்புமுன் இந்த வகை ஆட்டமே ஆடாத இரண்டு பேரை உட்கார வை. பின்னால் நில், வாயைத் திறக்காதே, 'அங்கே போங்க' என்று கைகாட்டாதே. திரையை நீ ஆயிரம் தடவை பார்த்தாயிற்று. அவர்கள் கையைப் பார். வகுப்பறைக் கதவுக்கு முன்னால் மவுஸ் எத்தனை நொடி அசையாமல் நிற்கிறது என்று குறித்து வை. எனக்கு அந்தக் குறிப்பையும் சேர்த்து அனுப்பு.

அன்புடன்,
உன் அண்ணன்