மானியம் யார் கைக்குப் போகிறது?

அரசு மானியம் அறிவித்தால் மட்டும் போதாது. பாடுபட்டு உழுதவர் கைக்கு அது வந்து சேர்கிறதா என்பதே முக்கியம். அமெரிக்காவில் பருத்தி விவசாயத்துக்கு மானியம் கொடுத்தபோது நடந்தது, குத்தகைக்கும் வாரத்துக்கும் சாகுபடி செய்பவர்கள் அறிய வேண்டிய பாடமாகும்.

திட்டம் வந்த காரணம்

அங்கே 1929ல் ஒரு ராத்தல் பஞ்சு 16 சென்ட்டுக்கு மேல் விற்றது. 1931ல் 6 சென்ட்டுக்கும் கீழே இறங்கிவிட்டது. விளைச்சலைக் குறைத்தால் விலை ஏறும் என்று கருதிய அரசு, 1933 மே மாதம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. பருத்திப் பரப்பைக் குறைப்பவருக்குப் பணம் கொடுப்பது என்பதே அதன் சாரம். ஆலைகள் மீது வரி போட்டு இந்தப் பணம் திரட்டப்பட்டது. அந்த ஆண்டு பயிர் ஏற்கெனவே வளர்ந்து நின்றதால், சுமார் 1 கோடி ஏக்கர் பருத்தியை உழுது அழித்தார்கள்.

பங்கீட்டில் குறை

ஆர்கன்சா மாநிலத்தில் பாயின்செட் என்ற கவுண்டி இருக்கிறது. கவுண்டி என்பது மாநிலத்துக்குள் அமைந்த ஒரு நிர்வாகப் பிரிவு. இங்கே பெரும்பாலான பருத்தி வாரச் சாகுபடியில் விளைந்தது. நிலம், கோவேறு கழுதை, விதை எல்லாம் நில உரிமையாளருடையவை, உழைப்பு வாரதாரருடையது, மகசூலில் ஆளுக்குப் பாதி.

1934, 1935ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் மானியம் இரண்டு வகையாகப் பிரிக்கப்பட்டது. தரிசு போட்ட நிலத்துக்கு வாடகையாக ராத்தலுக்கு 3½ சென்ட். இது முழுவதும் நில உரிமையாளருக்கே. விலைக் குறைவை ஈடுசெய்ய மேலும் 1 சென்ட். இதில் மட்டுமே வாரதாரருக்குப் பாதி. ஆகக் கூடி உரிமையாளருக்கு 4 சென்ட், வாரதாரருக்கு ½ சென்ட். அந்த அரைச் சென்ட்டையும் பழைய கடனில் கழித்துக்கொண்டவர்கள் உண்டு.

பரப்பு குறையவே ஆட்களும் வேண்டாதவர்களாயினர். "இயன்ற வரை" வாரதாரர் எண்ணிக்கையைக் குறைக்கக் கூடாது என்று ஒப்பந்தம் சொன்னது. அந்த இரண்டு சொற்களே வெளியேற்றத்துக்கு வழிவிட்டன. புகார்களை விசாரித்த உள்ளூர்க் குழுக்களிலும் நில உரிமையாளர்கள் கையே ஓங்கியிருந்தது.

1934 ஜூலையில் அந்தக் கவுண்டியின் டைரோன்சா ஊர் அருகே வெள்ளையர் 11 பேரும் கறுப்பர் 7 பேரும் கூடி, தென்பகுதிக் குத்தகை விவசாயிகள் சங்கத்தைத் தொடங்கினார்கள். நிறவேற்றுமை கடுமையாக இருந்த அக்காலத்தில் இது எளிய காரியம் அல்ல.

திருத்தம் வந்தது, தாமதமாக

1936 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பழைய சட்டத்தைச் செல்லாது என்றது. 1938ஆம் ஆண்டுச் சட்டம், மகசூலில் எந்த விகிதத்தில் பங்கோ அதே விகிதத்தில்தான் மானியமும் பிரிய வேண்டும் என்று விதித்தது. அதற்குள் பலர் நிலத்தை விட்டுப் போய்விட்டனர். மானியப் பணத்தில் டிராக்டர் வாங்கிய உரிமையாளர்களுக்கு அவர்கள் திரும்பவும் தேவைப்படவில்லை.

நமது விவசாயிகள் கவனிக்க

நம் நாட்டில் ஆண்டுக்கு ரூ.6,000 வழங்கும் பிரதமர் கிசான் திட்டத்தில், பணம் நிலம் யார் பெயரில் உள்ளதோ அவருக்கே செல்கிறது, குத்தகைதாரருக்குக் கிடையாது. ஆனால் பயிர்க் காப்பீட்டில் குத்தகைதாரரும் வாரதாரரும் சேரலாம். அதற்குச் சாகுபடி செய்வது தாம்தான் என்பதற்கான சான்று வேண்டும். ஆகவே,

1. குத்தகை, வாரப் பேச்சை வாய்ப்பேச்சோடு விடாமல் எழுத்தில் வைத்துக்கொள்ளவும்.

2. குத்தகை செலுத்தியதும் ரசீது கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்தவும்.

3. 1969ஆம் ஆண்டுக் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டத்தின்படி பெயரைப் பதிவுசெய்ய விண்ணப்பிக்கவும்.

4. அடங்கலில் தங்கள் சாகுபடி சரியாக ஏறியுள்ளதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் ஒவ்வொரு பருவமும் பார்த்துக்கொள்ளவும்.

பாயின்செட்டில் வாரதாரரின் உழைப்பு நிலத்தில் இருந்தது. பெயர் காகிதத்தில் இல்லை. மானியம் காகிதத்தைப் பார்த்தே நடந்தது.