உருளைக்கிழங்கு சொல்லும் கிணற்றுப் பாடம்

"முன்னெல்லாம் எங்க கிணத்துத் தண்ணியிலதான் காபியே போடுவோம். இப்ப வாயில வைக்க முடியலை. இன்னும் ஆழமா போர் போட்டா நல்ல தண்ணி வருமா?"

பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் இந்தப் புலம்பல் புதிதல்ல. போர் போட ஆளைக் கூப்பிடும் முன், குழந்தைகளோடு உட்கார்ந்து இந்தச் சோதனையைச் செய்து பாருங்களேன்!

தேவையானவை: உயரமான கண்ணாடி டம்ளர் 1, சின்ன உருளைக்கிழங்கு 1 (முட்டை புழங்கும் வீடானால் புது முட்டை), உப்பு, தண்ணீர், கேசரி பவுடர் 1 சிட்டிகை.

செய்முறை: டம்ளரில் பாதி தண்ணீர் ஊற்றிக் கிழங்கைப் போடுங்கள். மூழ்கிவிடும். ஒவ்வொரு ஸ்பூனாக உப்பைப் போட்டுக் கரைத்துக்கொண்டே வாருங்கள். ஒரு கட்டத்தில் கிழங்கு 'ஜம்'மென்று மேலே வந்துவிடும். இப்போது கேசரி பவுடர் கலந்த வெறும் தண்ணீரை, ஸ்பூனின் முதுகில் விழுமாறு மெதுவாக ஊற்றுங்கள். வண்ணத் தண்ணீர் மேலே, உப்புத் தண்ணீர் கீழே, நடுவில் கிழங்கு!

காரணம் அடர்த்திதான். உப்பு கரைந்த தண்ணீர் கனமானது. அதனால் அடியில் தங்குகிறது. கனம் குறைந்த நல்ல தண்ணீர் அதன் மேல் மிதக்கிறது.

கடலோர மணலுக்குள்ளும் இதே கதைதான். ஒரு லிட்டர் நல்ல தண்ணீரின் எடை 1000 கிராம் என்றால், கடல் நீர் சுமார் 1025 கிராம். வித்தியாசம் வெறும் 25 கிராம். 1000-ஐ 25-ஆல் வகுத்தால் 40. அதாவது, கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நல்ல தண்ணீர் இருந்தால், கீழே ஏறக்குறைய 40 அடி வரை அது உப்பு நீரை அழுத்தி வைத்திருக்கும். மேலே 1 அடி குறைந்தாலோ, காலப்போக்கில் உப்பு நீர் 40 அடி ஏறப் பார்க்கும்! சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் பகுதியில், அளவுக்கு மீறி இறைத்ததால் கடல் நீர் பல கிலோமீட்டர் உள்ளே புகுந்துவிட்டது.

ஆகவே, கடலோரத்தில் ஆழம் போகப் போக உப்பை நோக்கித்தான் போகிறோம். மருந்து மேலேயிருந்து வர வேண்டும். மொட்டை மாடியில் விழும் மழையை மண்ணுக்குள் இறக்குங்கள். தமிழ்நாட்டில் 2003-லேயே எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. உங்கள் வீட்டுக் குழாய் அடைத்துக் கிடக்கிறதா என்று ஐப்பசி பிறக்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று: கரிக்கும் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது. நீர் ஆவியாவதால் உப்பு இன்னும் கூடத்தான் செய்யும். ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் அதைக் குடிக்கவே வேண்டாம்.

டம்ளரைக் கலைத்துவிடாதீர்கள். தாத்தா, பாட்டியும் ஒரு தடவை பார்க்கட்டும்!