பாலே ஆடிஷன் சீசனா? பதற்றத்தைக் குறைக்கப் பத்துக் குறிப்புகள்

அமெரிக்காவில் பாலே பயிலும் பிள்ளைகளுக்கு ஜனவரி பிறந்தாலே பரபரப்புதான். கோடைகாலப் பயிற்சி முகாம்களுக்கான ஆடிஷன்கள் வார இறுதிகளில் வரிசையாக வரும். மற்ற வேலைகளை முன்னதாகவே முடித்துவிட்டால், ஆடிஷன் அன்று ஆட்டத்தில் மட்டும் மனதைச் செலுத்தலாம்.

1. கண்ணில் பட்ட பள்ளிக்கெல்லாம் விண்ணப்பிக்காதீர்கள். நியூயார்க்கில் நடன அமைப்பாளர் பாலன்சீனும் கலை ஆர்வலர் கெர்ஸ்டீனும் 1934-இல் தொடங்கிய 'ஸ்கூல் ஆஃப் அமெரிக்கன் பாலே'யில் வேகமான கால்வேலைக்கு முக்கியத்துவம் அதிகம். பாணி பள்ளிக்குப் பள்ளி மாறும். உங்கள் ஆசிரியரிடம் கேட்டு, பொருத்தமான சிலவற்றை மட்டும் தேர்ந்தெடுங்கள்.

2. தேதி, இடம், வயதுப் பிரிவு, உடை விதி, கட்டணம் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள்.

3. பல பள்ளிகள் 'முதல் அரபெஸ்க்' (ஒரு காலில் நின்று, மறு காலைப் பின்னால் நீட்டும்) நிலையில் எடுத்த படம் கேட்கும். வெறும் சுவருக்கு முன் நின்று, கேமராவை இடுப்பு உயரத்தில் வைத்து எடுங்கள். ஆசிரியர் பக்கத்தில் இருந்தால் நிலையைத் திருத்துவார்.

4. கால்விரல் நுனியில் நின்றாட உதவும் பாயின்ட் ஷூவின் ரிப்பன் நுனியைச் சுடரில் லேசாகக் காட்டினால் நூல் பிரியாது. இதைப் பெரியவர்கள் செய்யட்டும். தைக்கச் சாதாரண நூலைவிட டென்டல் ஃப்ளாஸ் உறுதியானது. ஷூ விளிம்புக்குள் ஓடும் கயிற்றில் ஊசி படாமல் தையுங்கள்.

5. புத்தம்புது ஷூவை ஆடிஷன் அன்று முதன்முதலாகப் போடாதீர்கள். சில வகுப்புகளில் ஆடிப் பழக்கிய ஜோடியோடு, மாற்று ஜோடியும் இருக்கட்டும். துணியும் பசையும் சேர்த்துச் செய்த முனை வியர்வையில் இளகும். அதனால் பிளாஸ்டிக் பையில் அடைக்காமல் காற்றாட உலர்த்துங்கள்.

6. முந்தின இரவே பையை அடுக்குங்கள். லியோடார்ட், இரண்டு டைட்ஸ், ஹேர்நெட், கொண்டை ஊசிகள், எண் அட்டையைக் குத்த நான்கு ஊக்குகள், பிளாஸ்திரி, தண்ணீர், வாழைப்பழம் எல்லாம் அதில் இருக்கட்டும்.

7. முக்கால் மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். உடல் சூடேறும் முன் காலை விரித்து வெகுநேரம் உட்காராதீர்கள். மெல்ல அசைந்து, கணுக்காலையும் இடுப்பையும் தயார்படுத்துங்கள்.

8. ஆடிஷன் பெரும்பாலும் ஒரு வகுப்பைப் போலத்தான் நடக்கும். முதலில் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துச் செய்யும் பார் பயிற்சி, பிறகு அறையின் நடுவில், கடைசியில் பாயின்ட். அடுத்தவருக்குச் சொன்ன திருத்தத்தையும் உங்கள் உடலில் செய்து பாருங்கள். அடவு மறந்தால் நிற்காமல் அடுத்த தாளத்தில் சேர்ந்துகொள்ளுங்கள். சொன்னதைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும் பிள்ளையைத் தேர்வாளர்கள் கவனிப்பார்கள்.

9. வலியை மறைத்து ஆடாதீர்கள். பல பள்ளிகள் காணொளி ஆடிஷனையும் ஏற்கின்றன. குணமான பின் பதிவு செய்து அனுப்பலாம்.

10. 'இல்லை' என்று பதில் வந்தால் அழுகை வரும், அழுதுவிடுங்கள். இடங்கள் குறைவு, அந்த ஆண்டு அவர்கள் தேடியது வேறாக இருக்கலாம். 13 வயதில்தான் பாலே தொடங்கிய மிஸ்டி கோப்லண்டையும் ஒரு கோடை முகாம் மறுத்தது. அவர் 2015-இல் அமெரிக்கன் பாலே தியேட்டரின் முதன்மை நடனக் கலைஞரானார். பெற்றோரே, வீடு திரும்பும் வழியில் "எப்படி ஆடினாய்?" என்று துருவாமல், பசிக்கிறதா என்று கேளுங்கள். பதில் எதுவானாலும் திங்கட்கிழமை வழக்கமான வகுப்புக்கு அனுப்புங்கள். பிள்ளை வளர்வது அங்கேதான்.