தேசிய அணியின் ஆட்டம் யாருடைய உடைமை? கால்பந்தாட்ட ஒளிபரப்பு உரிமைகளும் பொதுநலனும்

2024 ஜூன் 6-ஆம் நாள் கொல்கத்தா சால்ட் லேக் விளையாட்டரங்கில் இந்தியக் கால்பந்தாட்ட அணி குவைத் அணியை எதிர்கொண்டது. அது 2026 உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்று ஆட்டம். அணித் தலைவர் சுனில் சேத்ரி சர்வதேச ஆட்டங்களிலிருந்து விடைபெறுவதாக அறிவித்திருந்த ஆட்டமும் அதுவே. கோல் எதுவுமின்றி அது சமநிலையில் முடிந்தது. ஐந்து நாட்களுக்குப் பின், ஜூன் 11 அன்று, தோஹா நகரில் கத்தார் அணியிடம் 1–2 என்ற கணக்கில் தோற்று இந்தியா உலகக் கோப்பை வாய்ப்பை இழந்தது.

முதல் ஆட்டம் ஸ்போர்ட்ஸ்18 அலைவரிசையிலும் ஜியோசினிமா இணையச் சேவையிலும் இந்திய நேயர்களுக்குக் கிட்டியது. இரண்டாவது ஆட்டம் ஃபேன்கோடு என்னும் வேறோர் இணையச் சேவையின் வழியே வந்தது. அணி ஒன்றே, போட்டியும் ஒன்றே. எனினும் ஆட்டத்தைக் காட்டும் உரிமை வெவ்வேறு கைகளில் இருந்தது. நாட்டின் பெயரைத் தாங்கி ஆடும் அணியின் ஆட்டத்தைக் காட்டும் உரிமை யாருக்கு உரியது, அதில் பொதுமக்களின் பங்கு என்ன என்னும் வினாக்களை இந்நிகழ்ச்சி எழுப்புகிறது.

உரிமையின் ஊற்று

தேசிய அணி என்ற பெயர் இருப்பினும், அவ்வணி அரசின் உடைமை அன்று. இந்தியாவில் அதனை நிர்வகிப்பது 1937-இல் தோற்றுவிக்கப்பட்ட அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் ஆகும். இச்சம்மேளனம் 1948-இல் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவில் இணைந்தது. 1954-இல் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு உருவானபோது அதன் நிறுவன உறுப்பினர்களுள் ஒன்றாகவும் விளங்கியது.

ஃபிஃபாவின் அமைப்பு விதிகளின்படி, ஒவ்வோர் அமைப்பும் தன் அதிகார வரம்புக்குள் நடைபெறும் போட்டிகளிலிருந்து எழும் உரிமைகளுக்கு மூல உரிமையாளராகும். இவ்விதியிலிருந்தே ஏனைய யாவும் கிளைக்கின்றன. உலகக் கோப்பை இறுதிச் சுற்றுப் போட்டிகளின் ஒளிபரப்பு உரிமையை ஃபிஃபா நாடுவாரியாக விற்பனை செய்கிறது. ஆசியக் கோப்பை இறுதிச் சுற்றுப் போட்டிகளின் உரிமை ஆசியக் கூட்டமைப்பைச் சார்ந்தது. நட்புமுறை ஆட்டங்கள், தகுதிச் சுற்றின் தொடக்கக் கட்டங்கள் ஆகியவற்றின் உரிமை, ஆட்டம் எந்த நாட்டில் நடைபெறுகிறதோ அந்த நாட்டுச் சம்மேளனத்துக்கு உரியது. தகுதிச் சுற்றின் பிந்தைய கட்டங்களில் ஆசியக் கூட்டமைப்பே உரிமைகளை ஒருங்கே திரட்டி விற்கிறது.

கொல்கத்தா ஆட்டமும் தோஹா ஆட்டமும் வெவ்வேறு வழிகளில் வந்ததன் காரணம் இதனால் விளங்கும். முன்னதன் உரிமை இந்தியச் சம்மேளனத்திலிருந்தும், பின்னதன் உரிமை கத்தார் சம்மேளனத்திலிருந்தும் பிறந்தன. இந்திய அணி அயல்நாட்டில் ஆடும் ஆட்டத்தை இந்திய மக்கள் காண்பது, அயல்நாட்டுச் சம்மேளனத்திடம் உரிமையை வாங்க இந்திய நிறுவனம் ஒன்று முன்வருவதைப் பொறுத்தது.

வருவாயின் அளவு

இவ்வுரிமைகளின் பொருளாதார மதிப்பு சிறிதன்று. 2019 முதல் 2022 வரையிலான நான்காண்டுச் சுழற்சியில் ஃபிஃபாவின் மொத்த வருவாய் சுமார் 757 கோடி டாலர். அதில் ஏறத்தாழ 343 கோடி டாலர், அதாவது 45 விழுக்காடு, தொலைக்காட்சி உரிமைகளிலிருந்து கிடைத்தது. உறுப்புச் சம்மேளனங்களுக்கு ஃபிஃபா வழங்கும் வளர்ச்சி நிதிக்கு இவ்வருவாய் முக்கிய ஆதாரமாகும்.

இந்தியாவின் நிலை வேறு. இங்குக் கிரிக்கெட் ஒளிபரப்பு பெருஞ்சந்தையாக வளர்ந்திருக்க, கால்பந்தாட்ட உரிமைகளை வாங்குவோர் சிலரே. ஜீ ஸ்போர்ட்ஸ் நிறுவனத்துடன் செய்துகொள்ளப்பட்டிருந்த நீண்டகால ஒப்பந்தம் 2010-இல் முறிந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஐ.எம்.ஜி.–ரிலையன்ஸ் நிறுவனத்துடன் சம்மேளனம் 15 ஆண்டுகளுக்கு 700 கோடி ரூபாய் மதிப்புள்ள ஒப்பந்தம் ஒன்றைச் செய்தது. விளம்பரம், ஆதரவாளர் உரிமை, ஒளிபரப்பு, வணிகப் பொருள்கள், புதிய லீக் ஒன்றை அமைக்கும் உரிமை ஆகிய யாவும் ஒரே கட்டாக அந்நிறுவனத்திடம் சென்றன. தேசிய அணியின் உரிமைகளும் அக்கட்டினுள் அடங்கின. 2014-இல் தொடங்கப்பட்ட இந்தியன் சூப்பர் லீக் இவ்வொப்பந்தத்தின் விளைவேயாகும்.

சராசரியாகக் கணக்கிட்டால் ஆண்டுக்குச் சுமார் 47 கோடி ரூபாய். நிச்சயமான இவ்வருவாய் சம்மேளனத்துக்கு ஊன்றுகோலாக இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் ஊன்றுகோல் ஒன்றே ஒன்றாக இருப்பதில் இடர் உண்டு. 2025 டிசம்பர் 8 அன்று ஒப்பந்தக் காலம் முடிவடைய இருந்த நிலையில், லீக் போட்டியின் வணிக உரிமைகளுக்குச் சம்மேளனம் புதிய ஒப்பந்தப் புள்ளிகளைக் கோரியது. ஆண்டுக்குக் குறைந்தது 37.5 கோடி ரூபாய் அல்லது மொத்த வருவாயில் 5 விழுக்காடு, இவற்றுள் எது கூடுதலோ அது, என்பது நிபந்தனைகளுள் ஒன்று. 2025 நவம்பரில் கெடு முடிந்தபோது ஒரு நிறுவனம்கூட ஒப்பந்தப் புள்ளி அளிக்கவில்லை. உரிமை கையில் இருப்பது வேறு, அதற்கு விலை கிடைப்பது வேறு என்பதை இது உணர்த்தியது.

பொதுநலனின் கோரிக்கை

தூர்தர்ஷன் ஒன்றே தொலைக்காட்சியாக இருந்த காலத்தில் இவ்வினா எழவில்லை. 1986-இல் மெக்சிகோவில் நடைபெற்ற உலகக் கோப்பை ஆட்டங்களை இந்திய மக்கள் தூர்தர்ஷனிலேயே கண்டனர். 1990-களின் தொடக்கத்தில் செயற்கைக்கோள் அலைவரிசைகள் வந்தபின் நிலைமை மாறியது.

1993-இல் ஹீரோ கோப்பை கிரிக்கெட் போட்டியின் ஒளிபரப்பு உரிமை அயல்நாட்டு நிறுவனம் ஒன்றுக்கு வழங்கப்பட்டதை ஒட்டி எழுந்த வழக்கில், 1995 பிப்ரவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வான் அலைகள் பொதுச் சொத்து. அவற்றை முறைப்படுத்துவது தன்னாட்சியுள்ள பொது அதிகார அமைப்பின் பொறுப்பு. அரசோ தனியாரோ அவற்றில் ஏகபோகம் கொள்ளலாகாது என்று அத்தீர்ப்பு கூறியது. செய்தியைப் பெறுவதற்கான மக்களின் உரிமை கருத்துச் சுதந்திரத்தின் ஒரு கூறு என்றும் அது வலியுறுத்தியது.

இக்கருத்தின் தொடர்ச்சியாகவே 2007-ஆம் ஆண்டின் விளையாட்டு ஒளிபரப்புச் சமிக்ஞைகள் (பிரசார் பாரதியுடன் கட்டாயப் பகிர்வு) சட்டத்தைக் கருதலாம். அவ்வாண்டின் தொடக்கத்தில் கிரிக்கெட் தொடர் ஒன்றின் நேரடி ஒளிபரப்பு தொடர்பாக எழுந்த பூசல் முதலில் அவசரச் சட்டத்துக்கும், பின்னர் இச்சட்டத்துக்கும் வழிவகுத்தது. தேசிய முக்கியத்துவம் வாய்ந்தவை என மத்திய அரசு அறிவிக்கும் விளையாட்டு நிகழ்ச்சிகளை நேரடியாக ஒளிபரப்புவோர், விளம்பரங்கள் நீங்கிய சமிக்ஞையை அதே நேரத்தில் பிரசார் பாரதிக்கும் தர வேண்டும். தூர்தர்ஷன் பெறும் விளம்பர வருவாயில் தொலைக்காட்சிக்கு 75 விழுக்காட்டுக்குக் குறையாத பங்கும், வானொலிக்கு 50 விழுக்காட்டுப் பங்கும் உரிமையாளருக்குச் சேரும். எனவே இது உரிமையைப் பறிக்கும் சட்டமன்று. பகிர்வுக்கு வகைசெய்யும் சட்டமாகும்.

இச்சட்டத்தால் பயனடைவோர் யாவர்? கட்டணமின்றி இயங்கும் டி.டி. ஃப்ரீ டிஷ் சேவையைப் பயன்படுத்தும் குடும்பங்கள் 4 கோடிக்கும் அதிகம் என மதிப்பிடப்படுகிறது. மாதக் கட்டணம் செலுத்த இயலாத அல்லது கேபிள் இணைப்பு எட்டாத சிற்றூர்க் குடும்பங்கள் இவற்றுள் மிகுதி. பகிரப்பட்ட சமிக்ஞையைப் பிரசார் பாரதி தன் தரைவழி ஒளிபரப்பிலும் ஃப்ரீ டிஷ் சேவையிலும் மட்டுமே பயன்படுத்தலாம். தனியார் கேபிள் வழியே அதனை எடுத்துச் செல்ல இயலாது என்று 2017 ஆகஸ்டு 22 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

சட்டத்தின் இரு இடைவெளிகள்

முதலாவது, பட்டியல் பற்றியது. பகிர்வுக் கடமை அரசு அறிவிக்கும் பட்டியலில் இடம்பெற்ற நிகழ்ச்சிகளுக்கே பொருந்தும். உலகக் கோப்பைக் கால்பந்தின் தொடக்க ஆட்டம், அரையிறுதி, இறுதி ஆட்டங்கள் ஆகியவை பட்டியலில் சேர்க்கப்பட்டவை; சந்தோஷ் கோப்பையின் அரையிறுதியும் இறுதியும் அவ்வாறே. ஆனால் உலகக் கோப்பையின் இறுதிச் சுற்றில் இந்தியா ஒருமுறையும் ஆடியதில்லை. தேசிய அணியின் வாழ்வும் தாழ்வும் தகுதிச் சுற்று ஆட்டங்களிலேயே தீர்மானிக்கப்படுகின்றன. பிற நாடுகள் மோதும் இறுதி ஆட்டத்தைக் கட்டணமின்றிக் காண வழி இருந்து, தன் நாட்டு அணி தகுதிக்காகப் போராடும் ஆட்டத்தைக் காண வழி இல்லாதுபோனால், பட்டியலின் நோக்கமே குறைவுபடும்.

இரண்டாவது, ஊடகம் பற்றியது. கேபிள், நேரடி வீட்டு ஒளிபரப்பு ஆகிய வலையமைப்புகளில் நடைபெறும் நேரடித் தொலைக்காட்சி ஒளிபரப்பையும், வானொலி வருணனையையும் கருதியே சட்டத்தின் வாசகம் அமைந்துள்ளது. 2007-இல் இணையவழி நேரடி ஒளிபரப்பு பெருவழக்கில் இல்லை. ஓர் ஆட்டம் இணையச் சேவையில் மட்டும் ஒளிபரப்பாகுமானால் பகிர்வுக் கடமை எழுமா என்பதற்குச் சட்டத்தில் வெளிப்படையான விடை இல்லை. 1995-ஆம் ஆண்டுத் தீர்ப்பு வான் அலைகள் பொதுச் சொத்து என்னும் அடிப்படையில் நின்றது. கம்பியின் வழியே செல்லும் இணையச் சமிக்ஞைக்கு அவ்வடிப்படை அப்படியே பொருந்தாது. ஆகவே பொதுநலனின் கோரிக்கையை ஊடகத்தின் தன்மையிலிருந்து நிகழ்ச்சியின் தன்மைக்கு மாற்றுவது இன்றியமையாததாகிறது. அதற்குரிய வித்தும் அதே தீர்ப்பில், மக்களின் செய்தி பெறும் உரிமை என்ற வடிவில் இருக்கிறது.

பிற நாடுகளின் வழி

ஐரோப்பாவில் 1997 முதல், சமூகத்துக்கு முக்கியமான நிகழ்ச்சிகளைப் பட்டியலிட்டுக் கட்டணமில்லாத் தொலைக்காட்சிக்கு உறுதிசெய்ய உறுப்பு நாடுகளுக்கு அதிகாரம் உண்டு. ஜெர்மனியின் பட்டியலில் அந்நாட்டுத் தேசியக் கால்பந்து அணியின் சொந்த மண் ஆட்டங்களும் அயல் மண் ஆட்டங்களும் அடங்கியுள்ளன. பிரிட்டன் 1996-ஆம் ஆண்டு ஒளிபரப்புச் சட்டத்தின்கீழ் உலகக் கோப்பை, ஐரோப்பியக் கோப்பை ஆகியவற்றின் இறுதிச் சுற்றுப் போட்டிகளைப் பாதுகாக்கிறது. தகுதிச் சுற்று ஆட்டங்களைச் சந்தைக்கு விட்டுள்ளது. அதே நாடு 2024-ஆம் ஆண்டு ஊடகச் சட்டத்தின் வாயிலாக இணையவழிச் சேவைகளையும் இவ்விதிகளின் வரம்புக்குள் கொணர முற்பட்டது.

இத்தகைய பட்டியல்கள் தம் சொத்துரிமையைப் பாதிப்பதாக ஃபிஃபாவும் ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமும் வழக்குத் தொடுத்தன. 2013 ஜூலை 18 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் அவற்றின் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது. பொதுமக்களின் செய்தி பெறும் உரிமையை முன்னிட்டுச் சொத்துரிமைக்கு வரம்பு விதிக்கலாம் என்பது இதன் பயன்.

உரிமைகளைத் திரட்டும் முறையிலும் ஐரோப்பா ஒரு பாடம் தருகிறது. 2011-இல் பாரிஸ் மாநாட்டில் எடுக்கப்பட்ட முடிவின்படி, 2014 முதல் ஐரோப்பியத் தகுதிச் சுற்று ஆட்டங்களின் உரிமைகளை ஐரோப்பியச் சங்கமே ஒருங்கே விற்கிறது. இதனால் சிறு நாடுகளின் சம்மேளனங்களும் நிலையான வருவாயைப் பெற்றன. ஓர் அணியின் சொந்த மண் ஆட்டமும் அயல் மண் ஆட்டமும் வெவ்வேறு கைகளுக்குச் செல்லும் நிலையும் குறைந்தது.

எல்லையும் பொறுப்பும்

அரசு இத்துறையில் எவ்வளவு தலையிடலாம் என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. 2022 ஆகஸ்டு 15 அன்று, வெளியார் தலையீடு என்னும் காரணத்தைக் காட்டி இந்தியச் சம்மேளனத்தை ஃபிஃபா இடைநீக்கம் செய்தது; நிர்வாகம் மீண்டும் சம்மேளனத்தின் கைக்கு வந்தபின் ஆகஸ்டு 26 அன்று இடைநீக்கம் நீக்கப்பட்டது. சம்மேளனத்தின் அன்றாட நிர்வாகத்தில் கைவைப்பது வேறு. எல்லா விளையாட்டுக்கும் எல்லா ஒளிபரப்பாளருக்கும் பொதுவான சட்டத்தின் வாயிலாகக் காணும் உரிமையைக் காப்பது வேறு. பின்னதற்கு இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் முன்மாதிரிகள் உள்ளன.

எனினும் பொதுநலன் என்ற பெயரால் சம்மேளனத்தின் வருவாயைச் சுருக்கிவிட்டால், பாதிக்கப்படுவோர் இளையோர் பயிற்சி முகாம்களிலும் பெண்கள் அணிகளிலும் ஆடும் விளையாட்டு வீரர்களே ஆவர். இலவசமாகக் கிடைக்கும் என்று தெரிந்த ஆட்டத்துக்குத் தனியார் நிறுவனம் குறைந்த விலையே தரும் என்ற வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. கிரிக்கெட்டுக்குப் பொருந்தும் கணக்கு, வாங்குவோர் அரிதான கால்பந்தாட்டத்துக்குப் பொருந்தாமல் போகலாம். மறுபுறம், மக்கள் காணாத அணிக்கு ஆதரவாளர்களும் விளம்பரதாரர்களும் பெருகுவதில்லை என்பதும் உண்மை. இன்று கட்டணச் சுவருக்கு அப்பால் நிற்கும் சிறுவன் நாளைய ஆட்டக்காரனாகவோ நேயனாகவோ ஆகும் வாய்ப்பு குறைகிறது.

இவற்றைச் சீர்தூக்கிப் பார்க்கையில் மூன்று நடவடிக்கைகள் பொருத்தமாகத் தோன்றுகின்றன. தேசிய அணியின் தகுதிச் சுற்று ஆட்டங்களையும் கருதிப் பட்டியலை மறுஆய்வு செய்ய வேண்டும். பகிர்வுக் கடமை எந்த ஊடகத்தின் வழியே ஒளிபரப்பாகும் ஆட்டத்துக்கும் பொருந்துமாறு சட்டத்தின் வாசகத்தைத் திருத்தி, வருவாய்ப் பங்கீட்டையும் அதற்கேற்ப வகுக்க வேண்டும். சம்மேளனம் தன் பங்கிற்குத் தேசிய அணியின் உரிமைகளை லீக் உரிமைகளோடு ஒரே கட்டாகக் கட்டாமல், குறுகிய காலத்துக்குத் தனியே வழங்கும் முறையைப் பரிசீலிக்க வேண்டும்.

அணியின் ஆட்டத்தை விற்கும் உரிமை சம்மேளனத்துடையது. அவ்வணி தாங்கி நிற்கும் பெயரோ நாட்டு மக்கள் அனைவருடையது. இவ்விரண்டுக்கும் இடையே நியாயமான சமநிலையைக் காண்பதே சட்டம் இயற்றுவோர், நிர்வாகிகள், ஒளிபரப்பாளர்கள் ஆகியோர் முன்னுள்ள பணியாகும்.