ரத்தம் கம்மி என்று சொல்வதற்கு முன்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் யாருக்குத் தலைசுற்றல் வந்தாலும், மூச்சு வாங்கினாலும், காய்ச்சல் இழுத்தடித்தாலும் தறிவீட்டுத் தீர்ப்பு ஒன்றுதான்: "ரத்தம் கம்மியா இருக்கு." எது கம்மி என்று கேட்பார் இல்லை. வளர்ந்த ஓர் ஆளின் உடம்பில் ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. அதில் 55 சதவீதம் பிளாஸ்மா என்ற வெளிர்மஞ்சள் நீர்மம். மீதியில் பெரும்பகுதி ஆக்சிஜன் சுமக்கும் சிவப்பணு. கிருமியோடு மல்லுக்கட்டும் வெள்ளையணுவும், காயத்தை அடைக்கும் தட்டணுவும் அளவில் மிகச் சொற்பம். இவற்றில் எது குறைந்தது என்று தெரியாமல் செய்யும் வைத்தியம் காசுக்கும் கேடு, உடம்புக்கும் கேடு.

செய்ய வேண்டியவை

• முதலில் சிபிசி என்ற ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின் ஆணுக்கு 13, பெண்ணுக்கு 12, கர்ப்பிணிக்கு 11 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. அதே தாளில் எம்சிவி என்று ஓர் எண் இருக்கும். சிவப்பணுவின் பருமனைச் சொல்வது அது. 80க்குக் கீழே என்றால் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவு. 100க்கு மேலே என்றால் பி12 அல்லது ஃபோலிக் அமிலம் குறைந்திருக்கலாம். முட்டைகூடத் தொடாத வீடுகளில், பாலும் தயிரும் குறைவாகச் சாப்பிடுபவர்கள் இந்த இரண்டாவது எண்ணை விட்டுவிடவே கூடாது. அவர்களுக்கு வெறும் இரும்பு மாத்திரை போதாது.

• இரும்பு மாத்திரையை எலுமிச்சைச் சாறோடோ நெல்லிக்காயோடோ சாப்பிடுங்கள். வைட்டமின் சி இரும்பை உடம்பில் சேர்க்க உதவும். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். ஹீமோகுளோபின் சரியான பிறகும் டாக்டர் சொன்ன காலம்வரை தொடருங்கள். உடம்பின் இருப்பு நிரம்ப இன்னும் சில மாதம் ஆகும்.

• குழந்தைகளுக்குக் குடற்புழு மாத்திரை தவறாமல் கொடுங்கள். கொக்கிப்புழு குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும்.

• மழைக்காலத்தில் குழித்தறிக்குள் தொங்கும் கால்களை மூடிக்கொள்ளுங்கள். டெங்கு கொசு பகலில்தான் கடிக்கிறது. இருட்டான குழி அதற்கு வசதியான இடம். நெசவாளி கண் கோர்வையில் இருக்கும், கை நாடாவில் இருக்கும், காலைக் கவனிக்க ஆள் கிடையாது.

• டெங்கு என்று தெரிந்தால் காய்ச்சல் இறங்கும் நாளில்தான் அதிக விழிப்பு வேண்டும். ரத்தக்குழாயிலிருந்து பிளாஸ்மா கசியத் தொடங்குவது பெரும்பாலும் அப்போதுதான். ஓயாத வாந்தி, கடும் வயிற்றுவலி, ஈறில் ரத்தம், சில்லிட்ட கைகால் இவற்றில் ஒன்று தென்பட்டாலும் உடனே ஆஸ்பத்திரி.

• 18 முதல் 65 வயதுக்குள், எடை 45 கிலோவுக்குக் குறையாமல், ஹீமோகுளோபின் 12.5 இருந்தால் ரத்தம் கொடுக்கலாம். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை.

செய்யக்கூடாதவை

• சாப்பிட்ட கையோடு காபி, டீ கூடாது. தறியில் உட்கார்ந்தபடியே வரும் டீயை நிறுத்தச் சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை. சாப்பாட்டுக்கும் அதற்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள், அது போதும்.

• பீட்ரூட்டை நம்பி உட்காராதீர்கள். அதன் சிவப்புக்கும் ரத்தச் சிவப்புக்கும் சம்பந்தமே இல்லை. முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு, சாப்பிடுகிறவர்களுக்கு ஈரல் என்று தேடுங்கள்.

• டெங்குக் காய்ச்சலுக்கு ஆஸ்பிரின், புரூஃபன் கூடாது; பாராசிட்டமால் மட்டும். பப்பாளி இலைச்சாறு கொடுத்தாயிற்று என்று நிம்மதியாக இருந்துவிடவும் கூடாது. தட்டணு எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் பதறி "ஏத்துங்க டாக்டர்" என்று சண்டை போடுகிறோம். ரத்தக்கசிவு இல்லாதவருக்கு எண்ணிக்கை 10,000க்குக் கீழே இறங்கும்வரை பொதுவாகத் தட்டணு ஏற்றுவதில்லை. முக்கியம் பிசிவி, அதாவது ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு. அது ஏறினால் பிளாஸ்மா கசிகிறது என்று பொருள்.

• விரத நாளில் வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்கப் போகாதீர்கள். வெள்ளிக்கிழமை காமாட்சியம்மனுக்கு விரதமா, சனிக்கிழமை கொடுங்கள். கொடுத்த அன்று தறியில் இறங்காதீர்கள்; ரத்தம் கொடுத்த கையால் பாரம் தூக்காதீர்கள்.

• திருவிழாவில் பச்சை குத்திக்கொண்டவர்கள் ஓராண்டுக்கு ரத்தம் கொடுக்கக் கூடாது.

• காசு வாங்கிக்கொண்டு ரத்தம் கொடுப்பதும் வாங்குவதும் கூடாது. உச்ச நீதிமன்றத்தின் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பையொட்டி 1998 ஜனவரி முதல் தொழில்முறை ரத்தக்கொடை தடை செய்யப்பட்டிருக்கிறது.

• "எங்க அண்ணன் ரத்தத்தையே ஏத்துங்க" என்று அடம்பிடிக்காதீர்கள். பாசம் புரிகிறது, ஆனால் ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. நெருங்கிய சொந்தத்தின் ரத்தத்தோடு வரும் வெள்ளையணுவை நோயாளியின் உடம்பு அந்நியம் என்று சில சமயம் கண்டுகொள்வதில்லை. விரட்டப்படாத அந்த வெள்ளையணு அங்கேயே பெருகி, நோயாளியின் தோல், ஈரல், எலும்பு மஜ்ஜையைத் தாக்கும். அபூர்வம்தான், ஆனால் வந்துவிட்டால் பிழைப்பது அரிது. அதனால்தான் சொந்தக்காரர் ரத்தம் என்றால் கதிர்வீச்சு காட்டிய பிறகே ஏற்ற வேண்டும். உங்கள் அண்ணன் வேறொருவருக்குக் கொடுக்கட்டும், யாரோ ஒருவர் உங்களுக்குக் கொடுக்கட்டும்.

கடைசியாக ஒன்று. இதே ஊரில் பிறந்த அண்ணா 1969இல் புற்றுநோயால் இறந்தார். அவர் பெயரில் காரப்பேட்டையில் அரசு புற்றுநோய் மருத்துவமனை இயங்குகிறது. புற்றுநோய்க்கான ஊசி மருந்து எலும்பு மஜ்ஜையையும் அடக்கிவிடுவதால், நோயாளிகளுக்குத் தட்டணு சரியும். பையில் சேமித்த சிவப்பணு ஐந்து வாரம்வரை தாங்கும். தட்டணுவின் ஆயுள் ஐந்தே நாள், அதுவும் அறை வெப்பத்தில் ஆட்டிக்கொண்டே வைத்திருந்தால். பொங்கலுக்கும் பிரம்மோற்சவத்துக்கும் ஊரே லீவில் இருக்கும்போதும் அது வேண்டும். தட்டணுவைத் தனியாகவும் தானம் கொடுக்கலாம்: இயந்திரம் அதை மட்டும் பிரித்தெடுத்துக்கொண்டு மீதியை உங்களுக்கே திருப்பிவிடும். ஒன்றரை மணி நேரத்தில் வேலை முடியும். மூன்று நாளாக ஆஸ்பிரின் சாப்பிடாதவராக, உடல்தகுதி உள்ளவராக இருந்தால், அடுத்த பண்டிகைக்கு முன்பே அருகில் உள்ள ரத்த வங்கியில் உங்கள் பெயரையும் வகையையும் பதிந்து வையுங்கள்.