தகட்டு வில்லும் காற்றுப் பையும்

புத்தளக் கரையோரத்தில் வாழ்வோர்க்குப் பிக்கப் வண்டி புதிய பொருளன்று. பாலாவியின் உப்பும், கற்பிட்டியின் மீனும் வெங்காயமும், உடப்பின் கருவாடும் அதில் ஏறியே சந்தை சேர்கின்றன. பாரம் ஏற்றினால் அதன் பின்புறம் தாழ்வதையும், வெறுமையாய் ஓடினால் துள்ளுவதையும் யாவரும் கண்டிருப்பர். இவ்விரு குறைகளையும் தீர்க்கப் பின்னச்சில் இறப்பர்க் காற்றுப் பை பொருத்துவோர் உளர். அதன் அமைப்பை மாணவர் அறியுமாறு ஈண்டு ஆராய்வோம்.

உருக்குத் தகடுகளை அடுக்கிக் கட்டிய வில்லின் விறைப்பு பெரும்பாலும் மாறாதது. நிறைபாரத்துக்கென அமைத்தால் வெறும் வண்டி குலுங்கும். வெறும் வண்டிக்கென அமைத்தால் பாரத்தில் அமிழும். காற்றின் இயல்பு வேறு. அடைபட்ட காற்றின் கனவளவு குறைய அதன் அமுக்கம் ஏறும் என்பதை 1662இல் போயில் என்னும் அறிஞர் வெளியிட்டார். பாரம் கூடும்பொழுது பைக்குள் மேலும் காற்றைச் செலுத்தினால் உயரமும் மீளும். விறைப்பும் பாரத்துக்கேற்ப ஏறும்.

ஒரு கணக்குக் காண்போம். பாரத்தைத் தாங்கும் விட்டம் 12 சென்ரிமீற்றர் எனின், பரப்பு ஏறத்தாழ 113 சதுர சென்ரிமீற்றராகும். சதுர சென்ரிமீற்றருக்கு 2 கிலோகிராம் வீதம் அமுக்கம் கொடுத்தால் ஒரு பை 226 கிலோகிராமைத் தாங்கும். இரு பைகளும் சேர்ந்து 450 கிலோகிராமளவு தாங்கும். எனினும் இரண்டையும் தடையின்றி ஒரே குழாயால் இணைத்தலாகாது. வளைவில் வெளிப்புறப் பை நெருக்குண்ண, அதன் காற்று உட்புறப் பைக்கு ஓடி, வண்டி மேலும் சாயும். ஆதலின் பக்கத்துக்கொரு குழாயும் வாயிலும் வேண்டும்.

இனி, பை வந்தபின் தகட்டு வில்லைக் கழற்றிவிடலாமோ? அவ்வில் பாரத்தைத் தாங்குவதோடு, அச்சு முன்பின்னாகவும் பக்கமாகவும் நகராது பிடித்தும் வைக்கிறது. காற்றுப் பைக்குத் தாங்கத் தெரியும், பிடிக்கத் தெரியாது. வில்லை நீக்குவோர் அச்சைப் பிடிக்க நெடுக்குச் சட்டங்களும் குறுக்குச் சட்டமும் அமைத்தே ஆகவேண்டும். வில்லை வைத்துக்கொண்டு பையைத் துணையாக்குவதே எளிது.

அதிலும் மறைந்த ஆபத்தொன்று உண்டு. பல பிக்கப் வண்டிகளில், பின்புறம் எவ்வளவு தாழ்ந்தது என்பதைக் கொண்டே பின்சக்கர பிரேக்கின் வலிமையைக் கூட்டும் கருவி பொருத்தப்பட்டுள்ளது. பை வண்டியை உயர்த்திவிட, பாரமில்லை எனக் கருவி கொள்ளும். நிறைபாரத்தோடு ஓடும் வண்டிக்குப் பின்பிரேக் குறைந்துவிடும். தகுதி பெற்ற பொறியியலாளர் அக்கருவியைச் சோதித்து மாற்றியமைத்தல் இன்றியமையாதது.

வண்டி நிமிர்ந்து நிற்பதால் அதன் ஏற்புப் பாரம் கூடிவிடாது. அச்சு, ரயர், சட்டகம், பிரேக் ஆகியவற்றின் எல்லை முன்போலவே உள்ளது. உவர்க்காற்று வீசும் எம் கரையில் பையைத் தாங்கும் இரும்புகளை அடிக்கடி நன்னீரால் கழுவிப் பார்த்தலும் வேண்டும்.

இம்மலரைப் படிக்கும் பழைய மாணவருள் வாகனத் தொழில் புரிவோரும் உளர். ஓர் உறுப்பை மாற்றுமுன், அது செய்துவந்த வேலைகள் எத்தனை என எண்ணிப் பார்ப்பதே அமைப்புக் கலையின் முதற்பாடம் என்பதை அவர்களும் இளையோர்க்கு உணர்த்துவாராக.